கட்டைவிரல் மட்டும்

அலூக்ஸ்னே
6 செப்டம்பர் 1998

அன்புள்ள வெல்டா,

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. பிரிக்கும்போது கத்தரிக்கோலை அவசரமாக ஓட்டிவிடாதே. உள்ளே இருப்பது ஒரே ஒரு கையுறை, நாலு விரலும் ஒரே பைக்குள் போகிற நம் வழக்கமான மாதிரி. வலது கைக்கு. கட்டைவிரல் இல்லை.

அதைப் பின்னியது இமந்த்ஸ், என் வீட்டுக்காரரேதான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷர். இதய டாக்டர் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொன்னதிலிருந்து டிசம்பர் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டில் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் நேரத்துக்குப் போகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என் கூடையிலிருந்து ஐந்து ஊசிகளையும் உருவி எடுத்து, "இதெல்லாம் எப்படி ஓட்டறதுன்னு காட்டு" என்றார். நான் விளையாட்டுக்குக் காட்டினேன், அவர் நிஜமாகவே பிடித்துக்கொண்டார். "கரடி கையில பல்குச்சி கொடுத்த மாதிரி இருக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் முறைத்தார். ஆனால் விடவில்லை.

பிப்ரவரி இரண்டாம் தேதி விரல்நுனியை மூடி முடித்தார். கட்டைவிரல் வரவேண்டிய இடத்தில் கண்ணிகளைச் சிவப்பு நூலில் கோர்த்து நிறுத்தியிருந்தார், நான் காட்டின மாதிரியே. "கட்டைவிரல் நாளைக்கு. நீதான் சொல்லித்தரணும்" என்றார். மூன்றாம் தேதி காலையில் போய்விட்டார்.

நான் நாலு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். சிவப்பு நூலை உருவப் போனால் கை நின்றுவிடுகிறது. அதனால்தான் உன்னிடம் அனுப்புகிறேன். <u>கட்டைவிரல் மட்டும்</u> போட்டுக் கொடு. இடது கைக்கு எதுவும் வேண்டாம். நவம்பரில் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற மாலைக்கு இதைப் போட்டுக்கொண்டு போகவேண்டும். மெழுகுவர்த்தி பிடிக்க ஒரு கை போதும்.

இன்னொன்று. மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறேன். சவப்பெட்டி தூக்கின ஆறு பேருக்கும் வழக்கப்படி கொடுக்க நீ அனுப்பின ஆறு ஜோடி கையுறை பிப்ரவரியில் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பனியால் உன்னால் வரமுடியவில்லை என்று சீட்டு வைத்திருந்தாய். அதே பனியில்தான் அந்த பஸ்ஸும் வந்தது.

இல்கா


குல்டீகா
20 செப்டம்பர் 1998

அன்பு இல்கா,

நல்ல சேதி. உன் கையுறை கட்டைவிரலோடு திரும்பி வருகிறது. அதைவிட நல்ல சேதி, இப்போது அது நிஜமாகவே கையுறை மாதிரி இருக்கிறது!

கட்டைவிரல் போடத்தான் எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால், மணிக்கட்டுப் பட்டை தாண்டி நாலாவது வரிசையிலேயே மனுஷர் ஒரு கண்ணி தள்ளி ஆரம்பித்திருக்கிறார். அங்கே தொடங்கிய கோளாறு மேலேயும் தொடர்ந்திருக்கிறது. எட்டு முனை நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறது. நடுநடுவே கறுப்பு வரவேண்டிய இடத்தில் வெள்ளை, வெள்ளையில் கறுப்பு. சில கண்ணிகள் சுண்டுவிரல் நுழைகிற அளவு தொளதொளவென்று. விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் நூறு நூறாக விதை எண்ணினவள் நான். கைவேலைக் கண்காட்சியில் என் பூதக்கண்ணாடியைப் பார்த்தாலே பெண்கள் கையுறையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள் என்பது உனக்கே தெரியும். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பட்டை வரை பிரித்தேன். நூலை ஆவியில் காட்டி நேராக்கினேன். மூன்றே நாளில் முதலிலிருந்து பின்னிவிட்டேன். நூல் அவருடையதேதான், ஒரு முழம்கூட மாற்றவில்லை. நீ மெழுகுவர்த்தி பிடித்து நிற்கும்போது ஊரே பார்க்கும். இமந்த்ஸுக்கு அவமானமாக இருக்கக்கூடாது இல்லையா.

நான் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். நூற்று நாற்பத்துநாலு சதுரம், ஒரு மூலைகூட விலகவில்லை. நீயும் அவர் சட்டைகளை அலமாரியில் பூச்சிக்கு விடாதே. சதுரம் சதுரமாக வெட்டி அனுப்பு, அழகாகச் சேர்த்துத் தருகிறேன். மனசுக்கும் ஆறுதலாக இருக்கும்.

குருதிநெல்லி ஜாம் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். மூடியைப் பார்த்துத் திற.

உன் வெல்டா


அலூக்ஸ்னே
27 செப்டம்பர் 1998

வெல்டா,

பார்சல் வந்தது. அழகான கையுறை. கண்காட்சியில் வை, முதல் பரிசு கிடைக்கும்.

கட்டைவிரல் மட்டும் என்று எழுதியிருந்தேன். கீழே கோடு போட்டிருந்தேன்.

அவர் போட்ட கண்ணிகள் எங்கே?

அவர் சட்டைகளை உனக்கு அனுப்பமாட்டேன். காலரையெல்லாம் நிமிர்த்திவிடுவாய்.

போன் செய்யாதே. எடுக்கமாட்டேன்.

இல்கா


குல்டீகா
3 அக்டோபர் 1998

இல்கா,

ஏழு தடவை போன் செய்தேன். ஒரு தடவை எடுத்தாய், மூச்சுச் சத்தம் கேட்டது, வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நான் என்ன கொலையா செய்தேன்? கெட்டதைச் சரிசெய்தேன். நாம் இரண்டு பேரும் பதினேழு வயதில் விடுதி அறையில் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தோம். அன்றிலிருந்து நீ தப்பு விட்டால் நான் பிரிப்பேன், நான் தப்பு விட்டால் நீ பிரிப்பாய். என் கல்யாணத்தில் உறவுக்காரர்களுக்குக் கொடுக்கப் பின்னின இருபது ஜோடியில் மூன்றை நீ ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துப் போட்டாய். நான் அழுதேனா? நன்றிதான் சொன்னேன். தப்பு என்று தெரிந்தும் விட்டுவைப்பவள் உன் சிநேகிதியாக இருக்கமுடியாது என்று அப்போது சொன்னது யார்?

அந்தக் கையுறையைக் கையில் எடுத்ததும் நான் இமந்த்ஸை நினைக்கவில்லை. கண்ணிகளைத்தான் நினைத்தேன். அது உண்மை. அதற்காக வருத்தப்படு என்றால் படுகிறேன். ஆனால் நீ கேட்டதைவிட அதிகமாகச் செய்ததற்கு இப்படி எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் விரல்கள் இன்னும் வலிக்கின்றன. உனக்குத் தெரியும், எனக்கு மூட்டுவலி.

பட்டையை நான் தொடவில்லை. முதல் பதினெட்டு வரிசை அவருடையதுதான். அதையாவது பார்த்தாயா?

வெல்டா


அலூக்ஸ்னே
10 அக்டோபர் 1998

வெல்டா,

பட்டையைப் பார்த்தேன். பட்டை நான் பின்னியது. அவருக்கு ஆரம்பிக்கத் தெரியாது, அதனால் பட்டை வரை பின்னிக் கொடுத்துவிட்டு, "இனி உன் ரோடு" என்றேன். பட்டைக்கு மேலே இருந்தது மட்டும்தான் அவருடையது. அதைத்தான் நீ முழுக்கப் பிரித்தாய்.

உன் மூட்டுவலிக்கு வருத்தம்.

நாலாவது வரிசையைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, அதை நான் அப்போதே பார்த்தேன். ஜனவரி ஆறாம் தேதி. சாம்பல்நிறப் பட்டாணியை அடுப்பில் வைத்துவிட்டு அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். "ஒண்ணு தள்ளிப்போச்சு, பிரி" என்றேன். அவர் ஊசியை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏண்டி, முப்பத்தொரு வருஷம் ரிவர்ஸ்ல போகாம ஓட்டினவன் நான். இப்பப் போயி ரிவர்ஸ் எடுக்கச் சொல்றியா? நட்சத்திரம் கொஞ்சம் நொண்டினா என்ன, நானும்தான் நொண்டறேன். வந்து சேர்ந்துடும்." அவ்வளவுதான். அப்படியே மேலே போனார். நானும் விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பார்த்தும் பிரிக்காமல் விட்ட ஒரே தப்பு அது.

அவர் போன பிறகு அந்தத் தொளதொளத்த கண்ணிகளுக்குள் சுண்டுவிரலை விட்டுக்கொண்டுதான் நான் தூங்கினேன். பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை. நீ அதைக் கேவலமாக எழுதியிருந்தாய். நான் அதை உனக்கு அனுப்பினதே தப்பு. கொடுத்தனுப்பின பிறகு ஆறு ராத்திரி தூங்கவில்லை, திரும்பி வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவர் கரடி என்று நான் சிரித்ததை வேறு நினைத்துப் பார்க்கிறேன். சிரித்தவளும் நான்தான், பிரிக்கக் கொடுத்தவளும் நான்தான். உன்னை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது.

அவர் கையால் செய்த வேறு எதுவும் இந்த வீட்டில் கிடையாது. அலமாரி வாங்கினது, மேஜை வாங்கினது, பஸ் அரசாங்கத்துடையது. இனி எழுதாதே.

இல்கா


குல்டீகா
19 அக்டோபர் 1998

இல்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றைப் படித்துவிட்டு அடுப்பில் போடு. ஆனால் உள்ளே மடித்து வைத்திருக்கிற கட்டம் போட்ட தாளை மட்டும் எரிக்காதே.

பட்டை உன்னுடையது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் கையை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். பூதக்கண்ணாடியில் பார்த்தும் தெரியவில்லை. அந்தக் கண்ணாடியைப் பரணில் போட்டுவிட்டேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கையுறை என் கைக்கு வந்தாலும், தொடுவதற்கு முன்னால் கட்டத் தாளில் அதை அப்படியே வரைந்துகொள்வேன். ஒரு கண்ணிக்கு ஒரு கட்டம். உன் கையுறை வந்த அன்றும் வரைந்தேன். பட்டைக்கு மேலே அறுபத்திரண்டு வரிசை. பிசகின கட்டங்களைச் சிவப்பு மையில் குறித்தேன், தொளதொளப்பானவற்றைச் சின்ன வட்டமாக. சிவப்பு மட்டும் முப்பத்தேழு. எண்ணிவிட்டேன், மன்னித்துக்கொள், எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

கோபமான உன் முதல் கடிதம் வந்தபோதே இதை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. சிவப்பு மையைப் பார்த்தால் பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது. அவருக்கு நான் மதிப்பெண் போட்ட மாதிரி. உனக்கு அதைக் காட்ட வெட்கமாக இருந்தது. வேறு தாளில் பென்சிலால் படி எடுக்க உட்கார்ந்தேன். என் கை தானாக நட்சத்திரத்தை நேராக வரைகிறது. அதனால் இதையே அனுப்புகிறேன். இது கண்ணி இல்லை, தாள்தான். எனக்குத் தெரியும்.

அவர் கோர்த்த சிவப்பு நூலை நான் எறியவில்லை. நோட்டுப் புத்தகத்தில் பக்கம் தெரிய வைத்திருந்தேன். அதுவும் உள்ளே இருக்கிறது.

பிப்ரவரியில் பனி ஒரு தடையே இல்லை. நான் கிளம்பினேன், இல்கா. ரீகா பஸ் நிலையம் வரை வந்தேன், ஆறு ஜோடியும் பையில் இருந்தது. அலூக்ஸ்னே பஸ் வந்து நின்றது. உனக்குத் தெரியுமே, நான் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் முன் சீட்டில் தன் தொப்பியைப் போட்டு வைத்து, யாராவது உட்கார வந்தால், "அது எங்க வீட்டு அம்மாவோட சிநேகிதிக்கு. உட்கார்ந்தா வழியெல்லாம் பின்னல் பாடம் கேக்கணும், பரவாயில்லையா?" என்பார். அன்றைக்கு ஸ்டியரிங்கில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். முன் சீட்டு காலியாக இருந்தது. "ஏறுங்கம்மா, இடம் இருக்கு" என்றான். என்னால் ஏறமுடியவில்லை. துண்டுத் தாளில் பனி என்று எழுதிப் பையில் போட்டு, அதை அவனிடம் கொடுத்துவிட்டு, குல்டீகாவுக்கே திரும்பிவிட்டேன். உன்னைத் தனியாக நிற்க விட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை அதனால்தான் அந்தக் கையுறையை அப்படிப் பிடித்துக்கொண்டு பின்னினேனோ என்னவோ. எதையாவது ஒன்றை அவருக்காக ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று.

மன்னிப்புக் கேட்கிறேன். பதில் எழுதவேண்டாம்.

வெல்டா


அலூக்ஸ்னே
11 நவம்பர் 1998

வெல்டா,

மூன்று வாரமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால் சிரிப்பாய். தப்பாகப் பின்னக் கற்றுக்கொண்டிருந்தேன்.

உன் பின்னலைப் பட்டை வரை பிரித்தேன். பிரிக்கும்போது மனசு துளிக்கூட வலிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு உன் தாளை மேஜையில் பரப்பி, மடங்காமல் இருக்க ஓரத்தில் உன் ஜாம் பாட்டிலை வைத்து உட்கார்ந்தேன். முதல் மூன்று வரிசை சரியாக வந்தது. நாலாவதில் ஒரு கண்ணி தள்ளவேண்டும். தள்ளினேன். ஐந்தாவதில் பார்த்தால் என் கை எனக்குத் தெரியாமலே அதை நேராக்கியிருக்கிறது! பிரித்தேன். மறுபடியும் அதே. நாற்பது வருஷம் பழகின கை, தப்பு செய் என்றால் கேட்கமாட்டேன் என்கிறது. கடைசியில் அவர் மாதிரியே சத்தம் போட்டு எண்ணிக்கொண்டு பின்னினேன். எதிர்வீட்டு ஸ்கைத்ரீதே வந்து, "யாரோட சண்டை போடறீங்க?" என்றாள். பதில் சொல்லவில்லை, எண்ணிக்கை போய்விடும்.

தொளதொளப்புதான் ரொம்பக் கஷ்டம். உன் வட்டங்களில் எல்லாம் ஊசியில் ஒரு தீக்குச்சியைச் சேர்த்துப் பிடித்துப் போட்டேன். அவர் கை அளவுக்கு வரவில்லை. என் சுண்டுவிரல் நுழைகிறது, அதோடு சரி.

உன் தாளைப் பார்த்துக்கொண்டே போனதில் சிலது தெரிந்தது. இருபத்துமூன்றாவது வரிசையில் ஐந்து சிவப்பு. அது அந்த ஹாக்கி ஆட்டம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ரேடியோவைப் பார்த்துக் கத்திக்கொண்டே பின்னினார். முப்பதிலிருந்து குறைகிறது. கடைசி எட்டு வரிசையில் ஒரு சிவப்பும் இல்லை, ஒரு வட்டமும் இல்லை. விரல்நுனி சுருங்குகிற இடம், அதுதான் கஷ்டமான இடம், நமக்கே பிசகும். அவர் சரியாகப் போட்டிருக்கிறார். அதை நான் பார்க்கவே இல்லை, வெல்டா. ஏழு மாதம் பக்கத்தில் வைத்துத் தூங்கினேன், நொண்டி நட்சத்திரத்தை மட்டும் தடவிக்கொண்டிருந்தேன். மனுஷர் கற்றுக்கொண்டுவிட்டார். உன் தாள் இல்லாவிட்டால் எனக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

அதே காரணத்துக்காகத்தான் உன்மேல் கோபம் போகவில்லை. நுனியிலிருந்துதானே பிரித்திருப்பாய்? முதலில் பிரித்தது அந்த எட்டு வரிசையைத்தான். திருத்த ஒன்றும் இல்லாத எட்டு வரிசை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

பனியைப் பற்றி எழுதினதைப் படித்தேன். அந்தப் பையன் பெயர் ராய்வோ. பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "ஒரு அம்மா கொடுத்தாங்க. ஏறச் சொன்னேன், ஏறலை. பஸ்ஸைப் பார்த்து அழுதாங்க" என்றான். நான் பிப்ரவரியிலிருந்து இதைத் தெரிந்துகொண்டுதான் உன்மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ உன் வாயால் சொல்கிறாயா என்று பார்த்தேன். அது என் குறை.

கையுறையை அனுப்புகிறேன், உன் தாளையும் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், அது எனக்குத் திரும்ப வேண்டும். சிவப்பு நூலைப் பழைய இடத்திலேயே கோர்த்திருக்கிறேன். கட்டைவிரலை நானே போட்டிருப்பேன். இப்போது கை நிற்கவில்லை. ஆனால் நாளைக்குச் சொல்லித்தா என்று அவர் கேட்டது என்னிடம். எனக்குக் கட்டைவிரல் சொல்லிக்கொடுத்தது நீ. அதனால்தான்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. மெழுகுவர்த்தி மாலை இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

கட்டைவிரல் மட்டும்.

இல்கா


குல்டீகா
18 நவம்பர் 1998

இல்கா,

கட்டைவிரல் போட்டுவிட்டேன். இருபத்தாறு வரிசை. உள்பக்கம் முடிச்சு உறுத்தாது.

இதைத் தபாலில் நம்பி அனுப்ப மனசில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் இன்றைக்குத் தபாலில் போடுகிறேன். கையுறையோடு சனிக்கிழமை நானே வருகிறேன். ரீகாவில் மதிய பஸ். முன் சீட்டு காலியாக இருந்தால் அதில் உட்காருவேன். யார் ஓட்டினாலும் ஏறுவேன். நீ நிலையத்துக்கு வராதே, குளிர். கதவைத் திறக்கப் பிடிக்காவிட்டால் ஜன்னல் வழியாக வாங்கிக்கொள். நான் ஸ்கைத்ரீதே வீட்டில் படுத்துக்கொள்கிறேன். கல்லறைக்கு நீ கூப்பிட்டால் வருவேன்.

கட்டைவிரல் போடுவதற்கு முன்னால் கையுறையை நீ உள்ளே வைத்திருந்த தாளோடு ஒப்பிட்டேன். சும்மா பார்க்கத்தான். பூதக்கண்ணாடி இல்லாமல்.

முப்பத்தேழும் இருக்கின்றன. வட்டங்களும் இருக்கின்றன. ஆனால் ஐம்பத்தெட்டாவது வரிசையில், அவர் ஒன்றுகூடப் பிசகாத அந்த எட்டு வரிசைக்குள், கறுப்பு வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கண்ணி இருக்கிறது. அது என் தாளில் இல்லை. அது அவருடையது இல்லை, உன்னுடையது. அங்கே வந்தபோது உன் நிறைந்த கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து வரிசை பிரித்தால் போதும், சரியாகிவிடும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

தொடவில்லை.

வெல்டா